பாத்திமியூன் படையணியும் பத்திரமற்ற மக்களும்

சிரியாவின் உள்நாட்டுப் போர் குறித்து எழுந்த எழுத்துக்களிற் பெரும்பாலானவை அதனை ஷியா, சுன்னி என்னும் சமயப் பிரிவுகளுக்கிடையிலான மோதலாகவே காட்ட முயன்றுள்ளன. அந்நோக்கு முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும், அப்போர்க்களத்தில் ஈரானின் சார்பில் நின்று மடிந்த ஆப்கானிய இளைஞர் யாவர், எத்தகைய வாழ்விலிருந்து அங்குச் சென்றனர் என்ற வினாக்கள் எழும்போது, சமயப் பகைமை என்ற ஒரு விளக்கம் மட்டும் போதாதென்பது தெளிவாகின்றது. 'பாத்திமியூன்' எனப்பட்ட ஷியாத் துணைப்படையணி நபிகள் நாயகத்தின் மகளார் பாத்திமாவின் பெயரைத் தாங்கியது. அதன் அணிகளை நிரப்பியவர்களோ ஈரானின் செங்கற் சூளைகளிலும் கட்டட வேலைத்தளங்களிலும் உழைத்த ஹஸாரா இனத்துக் கூலித் தொழிலாளர். கையிலே தக்க பத்திரம் இல்லாத ஒரு மக்கட் கூட்டம் எவ்வாறு படையாக மாற்றப்படுகின்றது என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கிலிருந்து நோக்குவார்க்கு இச்செய்தி முற்றிலும் அந்நியமானதன்று. டயகம, ஹோல்புறூக் முதலிய தோட்டங்களில் வாழும் மக்களின் முன்னோர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டவர்கள். 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிற் கொண்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரும் 1974 ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். சரக்கைப் பங்கிடுவது போன்ற இக்கணக்கின் விளைவாக மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை அவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். பிரசாவுரிமைப் பத்திரம் ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளக்கவல்லது என்பதை நூல்களிற் படித்தறிய வேண்டிய தேவை இப்பள்ளத்தாக்கிற்கு இல்லை. எனவே, பாத்திமியூன் படையணியின் வரலாற்றை அந்தப் பத்திரத்தின் பக்கமிருந்து படிப்பதே இங்குப் பொருத்தமாகும்.

ஹஸாராக்கள் ஆப்கானிஸ்தானின் நடுமலைப் பிரதேசமான ஹஸாராஜாத்தைத் தாயகமாகக் கொண்டவர்கள். பாரசீக மொழியின் ஒரு கிளைமொழியைப் பேசுபவர்கள். சுன்னிகள் பெரும்பான்மையினராகவுள்ள அந்நாட்டில் இவர்களுட் பெரும்பாலோர் ஷியாக்கள். 1890 களின் தொடக்கத்தில் அமீர் அப்துர் ரஹ்மான் கான் இவர்கள்மீது நடத்திய படையெடுப்பு இவ்வினத்தின் வரலாற்றையே திசைமாற்றியது. பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர். அடிமைகளாக விற்கப்பட்டோர் பலர். நிலங்கள் பறிக்கப்பட்டுப் பிற இனத்தவர்க்கு வழங்கப்பட்டன. உயிர் தப்பியோருள் ஒரு சாரார் குவெட்டாவுக்கும் மற்றொரு சாரார் ஈரானின் மஷ்ஹத் நகருக்கும் ஓடினர். எஞ்சியோரிற் பலர் பிற்காலத்திற் காபூல் நகரிலே சுமைதூக்குவோராகவும் வீட்டுவேலை செய்வோராகவும் இழிவாக மதிக்கப்பட்டு வாழ்ந்தனர். 2001 மார்ச்சில் தலிபான்கள் பாமியான் புத்தர் சிலைகளைத் தகர்த்தபோது இலங்கையிலும் பெருங் கண்டனம் எழுந்தது. அச்சிலைகளைச் சூழ வாழ்ந்த மக்கள் ஹஸாராக்கள் என்பதும், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1998 ஓகஸ்டில், மஸார்-இ-ஷரீப் நகரில் அவ்வினத்தவர் பெருந்தொகையிற் படுகொலை செய்யப்பட்டனர் என்பதும் அக்கண்டனக் குரல்களிடையே அதிகம் பேசப்படவில்லை. கல்லுக்குக் கிடைத்த இரக்கம் மனிதருக்குக் கிடைக்காத இடங்களுள் அதுவும் ஒன்று.

1979 டிசெம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுட் புகுந்ததைத் தொடர்ந்து இலட்சக்கணக்கான ஆப்கானியர் ஈரானுக்குப் பெயர்ந்தனர். புரட்சி முடிந்த புதிதில் அங்கு நிலவிய உணர்ச்சிப் பெருக்கில் இவர்கள் சமயச் சகோதரர் என வரவேற்கப்பட்டனர். போரினால் ஆட்பலம் குன்றியிருந்த ஈரானுக்கு இவர்களது உழைப்பும் தேவையாயிருந்தது. ஆனால் 1990 களில் அவ்வரவேற்பு மங்கியது. 2003 ஆம் ஆண்டிலிருந்து 'ஆமாயிஷ்' என்னும் பதிவு அட்டை நடைமுறைக்கு வந்தது. குறித்த காலத்துக்கொருமுறை கட்டணஞ் செலுத்திப் புதுப்பிக்க வேண்டிய இவ்வட்டையை வைத்திருந்தோர், அனுமதிக்கப்பட்ட சில தொழில்களையே செய்யலாம்; பல மாகாணங்களில் அவர்கள் வாழ இயலாது. 2010 களின் நடுப்பகுதியில் இவ்வாறு பதிவுபெற்றோர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். எவ்விதப் பதிவுமின்றி வாழ்ந்தோர் அதனினும் கூடுதலானோர். பின்னவருக்கு வீதியில் ஒரு பொலிசாரைக் காண்பதே நாடுகடத்தலின் தொடக்கமாகலாம்.

மலையக வரலாற்றைக் கற்றோர்க்கு இவ்விடத்தில் 'துண்டு' முறை நினைவுக்கு வருதல் இயல்பு. 1921 இல் ஒழிக்கப்படும்வரை, ஒரு தொழிலாளி தோட்டம் மாறுவதற்கு அவன் பட்ட கடன் எழுதிய துண்டு வேண்டும். அத்துண்டு துரையினதும் கங்காணியினதும் கையில் இருந்தது. மனிதனை ஓரிடத்திற் கட்டிவைக்கவும், வேண்டியபோது வேறிடத்திற்கு நகர்த்தவும் ஒரு தாளே போதும் என்பதை ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் நன்கறிந்திருந்தனர். இரு மக்களின் நிலையும் முற்றிலும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஹஸாராக்கள் பெயரளவிலேனும் ஆப்கானியக் குடிகள். மலையகத் தமிழரோ சட்டப்படி எந்நாட்டுக்கும் உரியரல்லாதவராய் நின்றனர். இன்னொரு வகையில் ஹஸாராக்களின் நிலையே கொடியது. அவர்கள் திருப்பி அனுப்பப்படக்கூடிய நாடு அவர்களைக் கொல்லக் காத்திருந்த நாடாயிருந்தது.

ஈரான் இவர்களைப் போருக்குப் பயன்படுத்தியது சிரியாவில் முதன்முறையாக நிகழ்ந்ததன்று. 1980 முதல் 1988 வரை நடைபெற்ற ஈரான்-ஈராக் போரில் 'அபூதர்' என்ற பெயரில் ஆப்கானியத் தொண்டர் பிரிவொன்று இயங்கியது. பின்னர் ஆப்கானிஸ்தானிலேயே சோவியத் படைகளையும் தலிபான்களையும் எதிர்த்துப் போரிட்ட குழுக்களும் இருந்தன. இக்குழுக்களின் பழைய போராளிகளுள் ஒருவரான அலி ரெஸா தவஸ்ஸொலி என்பாரின் தலைமையிற் சிறியதொரு குழுவாகப் பாத்திமியூன் 2013 ஆம் ஆண்டளவிற் சிரியாவிற் கால்பதித்தது. ஈரானியப் புரட்சிக் காவற்படையின் வெளிநாட்டு நடவடிக்கைகளுக்குப் பொறுப்பான குத்ஸ் படைப்பிரிவே இதற்கு ஆயுதமும் ஊதியமும் கட்டளையும் வழங்கியது. அப்பிரிவின் தளபதி காசிம் சுலைமானி. 'அபூ ஹாமித்' எனப்பட்ட தவஸ்ஸொலி 2015 பெப்ரவரி இறுதியில் தென்சிரியாவின் தெரா மாகாணத்திற் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே இவ்வணி பிரிகேட் என்ற நிலையிலிருந்து டிவிஷன் என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. உச்ச நிலையில் இதன் தொகை பற்றிய மதிப்பீடுகள் சில ஆயிரத்திலிருந்து 20,000 வரை வேறுபடுகின்றன. பாகிஸ்தானிய ஷியாக்களைக் கொண்டு 'ஸைனபியூன்' என்றொரு சிற்றணியும் இதன் அருகே அமைக்கப்பட்டது.

ஆட்கள் எவ்வாறு திரட்டப்பட்டனர் என்பதே இவ்வரலாற்றின் மையமான பகுதி. மஷ்ஹத், கும், தெஹ்ரான் நகரங்களின் ஆப்கானியக் குடியிருப்புகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆள் சேர்ப்போர் இயங்கினர். காபூலிலும் ஹெராத்திலும் வேலையின்றி நின்ற இளைஞரை எல்லைக்கப்பால் அனுப்பித் தரகு பெற்றோரும் இருந்தனரெனச் செய்தியாளர் எழுதியுள்ளனர். அவர்களும் ஹஸாராக்களே. தன் ஊராரையே ஆள்கட்டி அழைத்துவந்த கங்காணி தன் தலைக்காசைப் பெற்றுக்கொண்ட கதை மலையகத்துக்குப் பழங்கதை. அக்கதை இங்கு மீண்டும் நிகழ்ந்தது. மாதம் ஏறத்தாழ 500 டொலரும் அதற்கு மேலும் ஊதியம் பேசப்பட்டது. செங்கற் சூளையில் வேகும் ஒருவனுக்கு அது பெருந்தொகை. அதனினும் பெரிய ஆசைவார்த்தை வதிவிட அனுமதி. சிறையிலிருந்தோர்க்கு விடுதலையும், பதிவற்றோர்க்கு நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்பும் கூறப்பட்டன. ஹியூமன் றைட்ஸ் வொச் அமைப்பு 2016 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, சிலர் நாடுகடத்தல் அச்சுறுத்தலினால் நிர்ப்பந்திக்கப்பட்டுச் சேர்ந்ததாக அவர்தம் வாய்மொழியாகவே பதிவு செய்தது. மறு ஆண்டு ஒக்டோபரில் அதே அமைப்பு ஈரானியக் கல்லறைகளிற் பொறிக்கப்பட்டிருந்த பிறப்பாண்டுகளைக் கொண்டு, மாண்டவர்களுட் சிறுவர்களும் இருந்தமையை வெளிப்படுத்தியது. அவர்களுள் ஒருவன் 14 வயதினன்.

சில வாரப் பயிற்சியின் பின்னர் இவர்கள் களத்தில் இறக்கப்பட்டனர். அசாத்தின் அரச படை ஓடுதலாலும் மரணத்தாலும் மெலிந்திருந்த காலம் அது. வான்வழித் தாக்குதலை 2015 செப்தெம்பர் இறுதியிலிருந்து ரஷ்யா பார்த்துக்கொண்டது. தரையில் முன்னேறி நிற்க ஆள் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவேற்றியோருள் பாத்திமியூன் அணியினர் முதன்மையானோர். அலெப்போவைச் சூழ்ந்த போர்களிலும், 2016 மார்ச்சிலும் 2017 மார்ச்சிலும் பல்மைரா மீட்கப்பட்டபோதும், 2017 நவம்பரில் ஈராக்கிய எல்லையோர அபூ கமால் நகரிலும் இவர்கள் முன்னணியில் நின்றனர். பல்மைரா மீட்கப்பட்டபோது உலகப் பத்திரிகைகள் உரோமானியத் தூண்களின் படங்களை வெளியிட்டன. அத்தூண்களின் கீழ் மடிந்த மலைவாழ் கூலிகளைப் பற்றி எழுதியவை மிகச் சில. 2,000 பேருக்கு மேல் மாண்டனர் எனவும் 8,000 பேர் காயமுற்றனர் எனவும் 2018 சனவரியில் அணியின் பொறுப்பாளர் ஒருவரே கூறினார். முன்னணியில் நிறுத்தப்படும் அயலார் படைகளின் இழப்பு எக்காலத்தும் இவ்வாறே பெருந்தொகையாக இருந்துள்ளது. ஈரானிய உயிர்களின் இழப்பு உள்நாட்டில் எழுப்பக்கூடிய வினாக்களை ஹஸாராக்களின் இழப்பு எழுப்பாது என்பது இவ்வேற்பாட்டின் உள்ளுறையாக அமைந்த கணக்கு.

இதனைக் கொண்டு சமய உணர்வு வெறும் போர்வை என முடிவுகட்டுவது தவறாகும். திமஸ்குவின் தெற்கேயுள்ள ஸைனப் நாச்சியாரின் அடக்கத்தலத்தைக் காப்பதே தம் பணி என இவ்வணியினர் கூறினர். 680 ஆம் ஆண்டிற் கர்பலாவில் இமாம் ஹுஸைன் கொல்லப்பட்ட பின்னர் சிறைப்பட்டுத் திமஸ்குவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்தம் சகோதரியின் துயரம், ஆண்டுதோறும் முஹர்ரம் மாதத்தில் அழுது நினைக்கப்படும் ஒன்று. தம் இனமே கொன்றொழிக்கப்பட்ட ஹஸாராவுக்கு அத்துயரம் புராணச் செய்தியாகத் தோன்றியிராது. மேலும், ஷியாக்களைக் கொல்வதையே கடமையாகக் கொண்ட இஸ்லாமிய அரசு இயக்கம் எதிரே நின்றது. அவ்வியக்கத்தின் பக்கமும் பல நாடுகளிலிருந்து இளைஞர் சென்றனர். இலங்கையிலிருந்து 32 பேர் அவ்வாறு சென்றதாக 2016 நவம்பரில் நீதியமைச்சர் பாராளுமன்றத்திற் கூறினார். ஆயினும், சமயம் அழைத்த குரலுக்கு ஈரானின் வசதிமிக்க ஷியா இளைஞரைவிடச் செங்கற் சூளை ஷியா இளைஞர் பெருவிகிதத்தில் விடையளித்தமைக்குக் காரணம் தேட வேண்டியுள்ளது. நம்பிக்கை இரு சாரார்க்கும் பொது. பொதுவல்லாதது பத்திரம்.

தமிழர் வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்ச்சிகள் இல்லாமலில்லை. 1943 யூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பின்னர், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். விடுதலை வேட்கை அவர்களை ஈர்த்தது உண்மை. சயாம்-பர்மா மரண இரயில் பாதைக்கு யப்பானியரால் இழுத்துச் செல்லப்படாமல் தப்பும் வழியாகவும் சிலருக்கு அது அமைந்தது. ஆனால் அவர்கள் தம் தாய்நாட்டின் பெயராலேயே ஆயுதம் ஏந்தினர். இன்னும் நெருங்கிய சான்று இலங்கையிலேயே உள்ளது. 1977 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளின் எல்லைப்புறக் காடுகளை வெட்டிக் குடியேறின. நாடற்றோர் என்ற நிலை நீங்காமலே, காணி உறுதியுமின்றி, அவர்கள் போரின் நடுவே அகப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளுட் பலர் இயக்க அணிகளில் நின்று மடிந்தனர். தேயிலைத் தோட்டத்திலிருந்து உயிருக்கஞ்சி வெளியேறிய ஒரு தலைமுறையின் மக்கள், தாம் காணாத போர் ஒன்றின் முன்னரங்கில் இடம்பெற்றமை மலையக வரலாற்று நூல்களில் இன்னும் போதிய அளவு எழுதப்படாத அத்தியாயம்.

வறுமையும் இதற்குப் போதும் என்பதை 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிந்திய இலங்கை காட்டியது. ஓய்வுபெற்ற இலங்கைப் படையினர் பெருஞ் சம்பளமும் குடியுரிமையும் கிடைக்குமென்ற வாக்குறுதிகளை நம்பி ரஷ்யாவின் உக்ரைன் போருக்குச் சென்றனர். அவர்களுட் குறைந்தது 16 பேர் இறந்தனரெனப் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் 2024 மே மாதத்தில் அறிவித்தார்.

பேசப்பட்ட விலை பாத்திமியூன் அணியினருக்குக் கொடுக்கப்பட்டதா என்பது அடுத்த வினா. 2016 மே மாதத்தில் ஈரானியப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஈரானுக்காகப் போரிட்டு மாண்ட வெளிநாட்டவரின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர்க்குக் குடியுரிமை வழங்க அது அரசாங்கத்துக்கு வழிவகுத்தது. இச்சட்டத்தின் வாசகம் ஊன்றி நோக்கற்பாலது. உரிமை பெறுவோர் மாண்டவரின் உறவினர். உயிருடன் திரும்பியவனுக்கு அது எவ்வுரிமையையும் உறுதிப்படுத்தவில்லை. அவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் காலவரையறையுள்ள வதிவிட அனுமதியே. இலங்கையில் 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியபோது, காலந் தாழ்த்தியேனும், வாழ்ந்துகொண்டிருந்தவர்க்கே அது வழங்கப்பட்டது. அச்சட்டங்களின் பின்னணியில் இருந்தவை தொழிற்சங்கங்களின் நெடும் போராட்டமும் வாக்குப் பலமும் ஆகும். ஈரானில் ஆப்கானியத் தொழிலாளர்க்கு அவ்விரண்டும் இல்லை. படையிற் சேர்வதைத் தவிர அரசோடு பேரம்பேச அவர்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

ஆப்கானிஸ்தானிலிருந்த ஹஸாராக்கள் இதற்குத் தனியாக விலைகொடுத்தனர். 2016 யூலை 23 ஆந் திகதி, மின்வழங்கற் பாதை பாமியான் வழியாகச் செல்லவேண்டுமெனக் கோரிக் காபூலில் அமைதியாக ஊர்வலம் சென்ற ஹஸாராக்கள்மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் 80 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதற்கு உரிமைகோரிய இஸ்லாமிய அரசு இயக்கத்தின் தரப்பில், சிரியாவில் ஹஸாராக்கள் போரிடுவது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. கேட்டது மின்சாரம், ஊர்வலத்தினர் சிரியாவுக்குச் சென்றவர்களுமல்லர். 2019 சனவரியில் ஐக்கிய அமெரிக்கா பாத்திமியூன், ஸைனபியூன் ஆகிய இரண்டையும் தடைப்பட்டியலிற் சேர்த்தது. சிரியாவிலிருந்து ஊர் திரும்பிய இளைஞர் பழைய தொடர்பை மறைத்தே வாழ வேண்டியதாயிற்று. 2020 டிசெம்பரில் ஈரானிய வெளிநாட்டமைச்சர் ஸரீப் இவ்வணியினரை ஆப்கானிய அரசு பயன்படுத்திக்கொள்ளலாம் எனக் கூறியபோது காபூலில் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டு ஓகஸ்டிலே அவ்வரசே வீழ்ந்து தலிபான் ஆட்சி மீண்டது.

சுலைமானி 2020 சனவரி 3 ஆந் திகதி பக்தாதில் அமெரிக்கத் தாக்குதலிற் கொல்லப்பட்டார். 2024 டிசெம்பர் 8 ஆந் திகதி அசாத்தின் ஆட்சி கவிழ்ந்தது. பதினோராண்டுகளாக எந்த ஆட்சியைக் காப்பதற்கு இவர்கள் மடிந்தனரோ, அது சில நாட்களுள் மறைந்தது. ஈரானியத் தளபதிகளும் எஞ்சிய அணியினரும் சிரியாவை விட்டு வெளியேறினர். 2025 யூன் மாதத்தில் இஸ்ரேலுடன் நடந்த பன்னிரண்டு நாட் போரின் பின்னர் ஈரானில் ஆப்கானியர்மீது உளவாளிகள் என்ற ஐயம் பரப்பப்பட்டது. பத்திரமற்றோர் யூலை 6 ஆந் திகதிக்குள் நாட்டைவிட்டு நீங்கவேண்டுமென முன்னரே குறிக்கப்பட்டிருந்த தவணை கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. அவ்வாண்டில் மட்டும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர் ஈரானிலிருந்து எல்லை கடந்தனர். ஹெராத் மாகாணத்தின் இஸ்லாம் காலா எல்லைச் சாவடியில், நாளொன்றுக்குப் பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளுடன் பேருந்துகளிலிருந்து இறக்கப்பட்டனர். ஈரானிலேயே பிறந்து, ஆப்கானிஸ்தானை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். மஷ்ஹத்திலும் கும்மிலும் அடக்கஞ் செய்யப்பட்ட பாத்திமியூன் அணியினரின் கல்லறைகள் மட்டும் ஈரானிய மண்ணிலேயே இருக்கின்றன.